சாவியைத் திருப்புமுன்



2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மும்பையில் விடாமல் மழை கொட்டிய நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றில் ஒரு நாள் இரவு எட்டு மணியளவில் என் மகன் தொலைபேசியில் அழைத்தான். கிங்ஸ் சர்க்கிள் அருகே தேங்கிய தண்ணீரைக் கடக்கையில், எதிரே வந்த பஸ் எழுப்பிய அலை வண்டியின் முகத்தில் மோதியதாம். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் நின்றுவிட்டது. அங்கிருந்த வாலிபர்கள் சிலர் உதவியுடன் வண்டியை மேடான இடத்துக்குத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். "இப்ப என்ன செய்யட்டும் அப்பா?" என்றான்.

"எத்தனை தடவை சாவியைத் திருப்பினாய்?" என்று கேட்டேன்.

சற்று மௌனம். "மூணு தடவை" என்றான்.

"இனிமேல் நான் சொல்லும்வரை தொடாதே" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாகவே கடுமையாக இருந்தது என்று பக்கத்தில் நின்ற என் மனைவி பிறகு சொன்னாள். அந்தக் கடுமைக்குக் காரணம் இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. அதைச் சொல்லிவிட்டு மகனிடம் திரும்பி வருகிறேன்.

எங்கள் வண்டி ஒரு பிரீமியர் பத்மினி, 1986-ஆம் ஆண்டு மாடல். இத்தாலியின் ஃபியட் 1100 காரை அடிப்படையாகக் கொண்டு 1964 முதல் குர்லாவிலிருந்த பிரீமியர் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட வண்டி அது. பத்மினி என்ற பெயர் 1974-இல் வந்தது. 1089 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர்கள், ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே கியர் கம்பி. இந்நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் உருவந்தான். தூத்துக்குடியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கி, தாதரில் நாம் முதன்முதலாக ஏறிய வண்டி அதுவாகத்தான் இருந்திருக்கும். கடைசியாகப் பதிவு செய்யப்பட்ட பத்மினி டாக்சிக்கும் இருபது ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் மாத இறுதியோடு அவை சாலையைவிட்டு விலகின. எங்களுடையது சொந்த உபயோகத்துக்கான வண்டி. ஆகையால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பித்து இன்னும் வைத்திருக்கிறோம். இதற்குச் செலவாகும் பணத்தில் புது வண்டியே வாங்கலாமே என்று சபையார் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது கணக்கின்படி சரிதான்.

என் தகப்பனார் துறைமுக வேலையிலிருந்து 1993-இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அதை இரண்டாங்கையாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனைக்கு அவரே ஓட்டிவருவார். சின்னச் சின்னப் பழுதுகளை அவரே பார்ப்பார். 2004-ஆம் ஆண்டில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்தில் புதன், சனி ஆகிய இரண்டு நாட்கள் டயாலிசிஸ். அவர் பின்னாசனத்தில் அமர, நான் ஓட்டிச் செல்லுவேன்.

2005 ஜூலை 26 செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். மித்தி நதி கரையை மீறிற்று. குர்லாவில் எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்தவர்கள் யாவரும் அன்றிரவு எங்கள் முதல் மாடிக்கு வந்துவிட்டார்கள். கீழே பார்த்தால் பத்மினியின் கூரை மாத்திரம் தெரிந்தது. மறுநாள் புதன்கிழமை, ரயில் இல்லை, சாலை இல்லை, மின்சாரம் இல்லை. டயாலிசிஸ் தவறிப்போயிற்று. வியாழக்கிழமை காலையில் அப்பாவின் கால்களும் முகமும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சுத் திணறியது; தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வெளியேறாத நீர் நுரையீரலில் சேரும் என்பதை மருத்துவர் முன்னமே எச்சரித்திருந்தார்.

அதற்குள் தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. நான் சேறு படிந்த வண்டியின் கதவைத் திறந்து, ஆசனத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்தேன். ஜெபித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். ஜெபித்தவன் போனட்டைத் திறந்து பார்க்கவில்லை. மாடியில் இருந்த என் தகப்பனாரிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவரை அலட்டக்கூடாது என்று எண்ணினேன். அது மாத்திரமல்ல, முப்பத்தைந்து வயதில் இன்னும் அப்பாவிடம் கேட்டுத்தான் வண்டி எடுக்கவேண்டுமா என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது என்பதை இப்பொழுது ஒத்துக்கொள்ளுகிறேன்.

செல்ஃப் மோட்டார் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்து நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது என்று தீர்மானித்தேன். தெருவில் நின்ற ஆறேழு வாலிபரைக் கூப்பிட்டு, சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் வைத்துத் தள்ளச் சொன்னேன். வண்டி வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். பின்சக்கரங்கள் ஒரு கணம் பூட்டிக்கொண்டு இழுபட்டன. எஞ்சினுக்குள்ளிருந்து கேட்ட அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. காய்ந்த மரக்கிளை ஒடிவதுபோல இருந்தது, ஆனால் இரும்பில்.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். நான்கு சிலிண்டரில் ஒவ்வொன்றும் சுமார் 272 சி.சி. கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறி நிற்கையில் அதன் தலைக்கு மேலே மீதியிருக்கும் இடம் சுமார் 40 மில்லிதான். கட்டிங் சாய் கிளாஸில் ஏறக்குறைய பாதி. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி அந்தச் சிறிய இடத்துக்குள் நசுங்கும். தண்ணீரோ நசுங்காது. கார்புரேட்டர் வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் அந்த அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் பிஸ்டன் பாறையில் மோதினதுபோல நிற்கும். செல்ஃப் மோட்டாருக்கு அதை மீறும் பலம் இல்லை. ஆகையால் அது 'டக்' என்று நின்று என்னை எச்சரித்தது. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டியின் வேகத்துக்கு அந்தப் பலம் உண்டு. மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு வளைந்துபோயிற்று. வெள்ளம் என் எஞ்சினை நனைக்க மாத்திரமே செய்தது. அதை உடைத்தவன் நான்.

வெட்கத்தோடு மாடியேறினேன். அப்பா சத்தத்தைக் கேட்டிருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, "பிளக்கைக் கழட்டினியாப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அப்பொழுது எங்கள் சபையில் டாக்சி ஓட்டும் மூப்பர் ஒருவர் இருந்தார். நாசரேத் பக்கத்து ஊர்க்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. ஆள் அனுப்பினேன். அவருடைய பத்மினி ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நின்றிருந்தபடியால் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்குமேல் ஏறவில்லை. ஆனாலும் இரண்டு நாள் மழை போனட்டுக்குள் இறங்கியிருந்தது. அதுவும் ஸ்டார்ட் ஆகவில்லை. "ரெண்டு மணி நேரம் தாங்க பாஸ்டர், பெரியவரை நான் கொண்டுபோறேன்" என்றார். எனக்கோ இரண்டு நிமிஷமும் யுகமாக இருந்தது. வேறு வழியின்றி அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கற்றதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். பிறகு ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, பால் விட்ட டீயைப்போல நிறம் மாறியிருந்தாலோ எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அவருடையது கறுப்பாகவே இருந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. அப்பொழுதுதான், "உள்ளே போகலை, மேலேதான் நனைஞ்சிருக்கு" என்றார். நனைந்த வண்டி, மூழ்கிய வண்டி என்று இரண்டு உண்டு, பிரியமானவர்களே. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. என் தெருவில் நின்றது மூழ்கிய வண்டி; நான் அதை நனைந்த வண்டியென்று நடத்தினேன்.

பிறகு அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். பழைய வண்டி மழையில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைப் பாயிண்ட் (மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்பார்கள்) திறந்து மூடி வெட்டிவிட, காயில் அதைப் பதினைந்து, இருபதாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. மூடிக்குள் சுழலும் ரோட்டர் அதை நான்கு பிளக்குகளுக்கும் முறையாகப் பங்கிடுகிறது. அவ்வளவு உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் எப்பொழுதும் சுலபமான வழியையே தேடும். மூடியின் உட்புறத்தில் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் போதும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாவதற்குப் பதிலாக, ஈரத்தின் வழியே இரும்புக்குள் ஓடி மறைந்துவிடும். இருட்டில் பார்த்தால் பழைய ஒயர்களின்மேல் நீலப் பொறிகள் எறும்புபோல ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

அண்ணாச்சி பழைய பருத்திச் சேலைத் துண்டால் மூடியின் உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பில் தோசைக்கல்லை வெதுவெதுப்பாகச் சூடாக்கச் சொல்லி, அடுப்பை அணைத்தபின் மூடியையும் ரோட்டரையும் அதன்மேல் துணி விரித்து வைத்தார். வண்டியின் அருகில் நெருப்பைக் கொண்டுவர அவர் சம்மதிக்கவில்லை. பெட்ரோலை ஊற்றிக் கழுவிவிட்டால் ஈரம் போய்விடும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். "ஈரமும் போகும், வண்டியும் போகும்" என்றார் அண்ணாச்சி. நான்கு பிளக்குகளையும் கழற்றி, குழிகளில் தேங்கியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்தார். காயிலின் தலையைத் துடைத்தார். பாயிண்டின் முகங்களை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்து, சுத்தமான தாளைச் செருகித் துடைத்தார். பிளக் ஒயர்களை ஒன்று ஒன்றாகவே கழற்றித் துடைத்து உடனே அதனதன் இடத்தில் மாட்டினார். ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறார் என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியாக பேட்டரியை இணைத்து, ஒரு பிளக்கை ஒயரோடு எஞ்சினின் உடம்பில் படும்படி வைத்து, கையால் தொடாமல், செல்ஃபைச் சுற்றச் சொன்னார். பளிச்சென்று நீலப்பொறி. பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினார். மூன்றாவது சுற்றில் வண்டி உயிர்பெற்றது.

அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து ஏற்றினோம். வழியில் சாலை தாழ்ந்த ஓரிடத்தில் தண்ணீர் நின்றது. அண்ணாச்சி இறங்கி ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டார். ஃபேன் சுழன்றால் தண்ணீரை வாரி எஞ்சின்மேல் இறைக்கும்; அதே பெல்ட் ரேடியேட்டர் தண்ணீரையும் சுற்றவிடுவதால் சில நிமிஷத்துக்குமேல் அப்படி ஓட்டக்கூடாது என்று சொல்லிக்கொண்டே முதல் கியரில் மெள்ள ஊர்ந்து கடந்தார். அக்கரையில் இறங்கிப் பெல்ட்டை இறுக்கினார். பிரேக்கை இலேசாக மிதித்தபடியே சற்றுதூரம் ஓட்டினார். டிரம்முக்குள் நனைந்த லைனிங் சூடேறிக் காயும்வரை அது பிடிக்காது. மருத்துவமனையில் சேர்த்தபோது பிற்பகல் மூன்றரை மணி. இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கிருந்த மருத்துவர் எங்களிடம் ஒளிவின்றிச் சொன்னார்.

அப்பா 2008 வரை எங்களோடிருந்தார். எங்கள் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யப் பணம் சேர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் புதனும் சனியும் அண்ணாச்சியின் டாக்சிதான். ஒரு நாள் அவருடைய வண்டியில் போய்க்கொண்டிருக்கையில் அப்பா, "என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். கோபமில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூழ்கிய வண்டிக்கு அன்று என்ன செய்திருக்கவேண்டும்? நான்கு பிளக்குகளையும் கழற்றிவிடவேண்டும். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளினால், பிஸ்டன்கள் ஏற ஏற, பிளக் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு வெளியே வரும். அது நின்றபின் ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டால் சிலிண்டர் துருப்பிடிக்காது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடியும் மாற்றவேண்டும். பால்நிறம் மறையும்வரை இரண்டு மூன்று தடவைகூட ஆகலாம். கியர்பாக்ஸிலும் பின் ஆக்ஸிலிலும் உள்ள ஆயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றின் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் அங்கேயும் புகும். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயவைக்கவேண்டும். பெட்ரோல் டாங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் அது கனமானபடியால் அடியில் தங்கும்; அதை வடித்துவிட்டு, கார்புரேட்டரின் கிண்ணத்தையும் கழற்றிச் சுத்தம்செய்யவேண்டும்.

பெட்ரோலைக் குறித்து இன்னொன்று. இப்பொழுது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும்; எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்தே உறிஞ்சுகிறது. ஆகையால் மழைக்காலத்தில் பழைய வண்டியை அரை டாங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்கவேண்டாம். அண்ணாச்சியின் நாட்களில் இந்தத் தொல்லை இல்லை.

இனி என் மகனிடம் வருவோம். சாவியைத் தொடாமல் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கச் சொன்னேன். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்து, கறுப்பாகத்தான் இருக்கிறது என்றான். ஏர் ஃபில்டரின் ஓரத்தில் சில துளிகள் மாத்திரம். எனக்கு மூச்சு வந்தது. வடாபாவ் கடைக்காரர் ஒருவர் தம் தார்ப்பாயின் ஒரு முனையை போனட்டுக்கு மேலே இழுத்துக் கட்டிக் கொடுத்தாராம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே முத்துமுத்தாக நீர் நின்றிருந்தது. துடைக்கச் சொன்னேன். இந்நாட்களில் டபிள்யூ.டி.-40 என்ற டப்பா எங்கும் கிடைக்கிறது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளே தண்ணீரை விலக்குதல் என்பதைக் குறிப்பவை. டிக்கியில் ஒன்று வைத்திருக்கிறோம். ஒயர்களுக்கும் மூடிக்கும் இலேசாக அடித்துத் துடைத்தான். பாயிண்டின்மேல் எண்ணெய் படக்கூடாது என்று மாத்திரம் இரண்டு தடவை சொன்னேன்.

சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரிலிருந்து 'படார்' என்று ஒரு வெடி.

"ஒயர்களை ஒண்ணொண்ணாக் கழட்டினியா, இல்லை எல்லாத்தையும் சேர்த்தா?" என்று கேட்டேன்.

"சேர்த்துத்தான்."

இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1-3-4-2. ரோட்டர் சுழலும் திசையில், மூடியில் அந்த வரிசையிலேயே ஒயர்கள் இருக்கவேண்டும். அவன் 1-2-3-4 என்று மாட்டியிருந்தான். கணினிப் படிப்புப் படித்த பிள்ளை. எண்களை ஒழுங்காக அடுக்கியிருக்கிறான்! மாற்றி மாட்டவைத்தேன். இந்தமுறை ஸ்டார்ட் ஆயிற்று, முதலில் தடுமாறி, பிறகு சீராக. பிரேக்கை மிதித்துக் காயவைத்துக்கொண்டே வரும்படி சொன்னேன். இரவு பத்தரைக்கு வீடு வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் கரி. அவன் அம்மா தோசை வார்த்துப் போட்டாள். ஏழு தோசை சாப்பிட்டான்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் மூடியை இருவருமாகப் பார்த்தோம். உட்புறத்தில், இரண்டு முனைகளுக்கு நடுவே, பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புக் கீறல். மின்சாரம் ஈரத்தில் ஓடி ஓடி எரித்த வழி அது. ஒருமுறை அது விழுந்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் அடுத்த மழையில் மின்சாரம் அதே வழியைத் தேடும். மூடியை மாற்றத்தான் வேண்டும். குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய சாமான் கடைகளில் தேடலாம் என்று புறப்படுமுன், எந்த மூடி பொருந்தும் என்று கேட்க ஊருக்குப் போன் செய்தேன். அண்ணாச்சிக்கு இப்பொழுது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. டாக்சியை விட்டுவிட்டு நாசரேத் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம். நடந்ததையெல்லாம் உரக்கச் சொன்னேன்.

"தம்பி சாவியைத் திருப்பிட்டானா?" என்று முதலாவது கேட்டார்.

"மூணு தடவை அண்ணாச்சி."

சிரித்தார். "மூடியை மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க பாஸ்டர். ரோட்டரையும் சேத்து வாங்குங்க. பழைய ரோட்டரு புது மூடியைத் தின்னுரும்."